பால் மறக்க அனுப்பிய பிள்ளை

அன்னவாசல்
6-5-43

சௌபாக்கியவதி சொர்ணவல்லிக்கு அழகம்மாள் எழுதிக்கொள்வது.

கார்டில் எழுதினால் உங்கள் ஊர்த் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று நீ சொன்னாய். அதனால் கவருக்குள் வைத்து எழுதுகிறேன். ஒளிக்கிற சங்கதி ஒன்றும் இல்லை. ஆனாலும் உன் மகன் வயிற்றுப்போக்கை ஊரார் படிக்க வேண்டியதில்லை அல்லவா.

ஆத்மநாதன் இங்கே வந்து இன்றோடு பதின்மூன்று நாள். முதல் மூன்று நாள் உன் பெயரைச் சொல்லி அழுதான். நீ மாரில் வேப்பிலை அரைத்துப் பூசியும் மறக்காத பிள்ளை ஊர் மாறினால் மறந்துவிடுவான் என்று உன் ஆத்தா சொன்னது ஒருவிதத்தில் சரிதான். நாலாம் நாளிலிருந்து என் மூத்தவள் செவந்தியின் இடுப்பை விட்டு அவன் இறங்குவதில்லை. பால் கேட்பதுமில்லை. அடுத்த பிள்ளைக்குப் பால் மிச்சம் வேண்டும் என்று நீங்கள் போட்ட திட்டம் பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் தண்ணீராய்ப் போகிறது. இரண்டு தரம் கக்கினான். வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மூன்று பிள்ளை வளர்த்தவளுக்கு இது புதிதல்ல, நீ பயப்படாதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை உன் ஆத்தா மூக்காயியிடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கருவாட்டுக்காரியின் கூடையில் வந்த பலகாரம் எப்படி மணக்கும் என்று நான் எழுத வேண்டாம். ஈ அடையாய் மொய்த்தது. அதில் ஒன்றைப் பிட்டு அவன் கையில் கொடுத்தவள் நான்தான். அம்மாச்சி வீட்டுப் பலகாரத்தைப் பிள்ளை கண்ணில் காட்டாமல் ஒளித்துவிட்டாள் என்ற பேர் எனக்கு வேண்டாமே என்று கொடுத்தேன். அதற்கப்புறம்தான் இது.

உனக்கு வலி கண்டுவிட்டதா? நாள் கணக்குப் பார்த்தால் நெருங்கியிருக்க வேண்டும். உடனே தெரிவிக்கவும். பட்டாளத்தில் இருக்கும் தம்பிக்கு நான் எழுத வேண்டும்.

அழகம்மாள்


குன்றாண்டார்கோவில்
9-5-43

அன்புள்ள மதினி அவர்களுக்கு சொர்ணவல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றுச் சந்தை முடிந்து வந்த மூக்காயி, ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டது என்று உங்கள் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டதாகச் சொல்கிறாள். இடையில் இரண்டு நாள் எங்கே போயிற்று, மதினி? எழுத மறந்தீர்களா, எழுத வேண்டாம் என்று விட்டீர்களா?

அதிரசத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதே அதிரசத்தை இங்கே ஒன்பது பேர் தின்றோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. குற்றம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து சேர வேண்டும் என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே வழி பண்ணிவைப்பது எனக்குப் புரிகிறது. உங்கள் பெண்கள் தெருவில் வாங்கித் தின்பதை எல்லாம் அவன் வாயிலும் திணிக்கிறார்களா என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

தயவுசெய்து நான் சொல்கிறபடி செய்யுங்கள். அவனுக்குத் தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள். கஞ்சியும் வேண்டாம். உள்ளே போகப் போகத்தான் வெளியே வரும். வயிறு காய்ந்தால் தானே நின்றுவிடும் என்று ஆத்தா சொல்கிறார்கள். என் தங்கைக்கு அப்படித்தான் நின்றது. ஓமத் தண்ணீரையும் நிறுத்திவிடுங்கள்.

எனக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. எடுத்தால் ஆள் வரும். அதுவரையில் உங்கள் தம்பிக்கு எதுவும் எழுத வேண்டாம். துப்பாக்கி பிடிக்கிற இடத்தில் இருப்பவருக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

அவன் தூங்கும்போது வலது காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். இப்போதும் அப்படித்தானா? எழுதுங்கள்.

சொர்ணவல்லி


அன்னவாசல்
12-5-43

சொர்ணத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமைதான். ஒப்புக்கொள்கிறேன். பல் முளைக்கிற கழிச்சல் என்று நினைத்து இரண்டு நாளை விட்டுவிட்டேன். மூன்று பெற்ற நான் இதைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையே என்று எழுத வெட்கமாக இருந்தது, செவ்வாய் என்று எழுதினேன். அந்தக் கருவாட்டுக்காரி மீனை விற்கிறாளா, என் வீட்டுச் சங்கதியை விற்கிறாளா?

இனிமேல் எழுதுவது எல்லாம் நடந்தது நடந்தபடி.

உன் கடிதம் கையில் வரும்போது அவனுக்குப் பத்துத் தரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நீ சொன்னபடியே தண்ணீரை நிறுத்தினேன். நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் இல்லை, எங்கள் தெருப் பெண்களும் அதையே சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு முழு நாள் கொடுக்கவில்லை. குடத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். சாயங்காலம் அழுதால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது.

பயந்துபோய், குடலில் ஒட்டியதற்குத் தொக்கம் எடுக்கிற மலையாண்டியைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பி, சோற்றுப் பருக்கையும் முடியும் காட்டினார். "தொக்கந்தான்ம்மா, எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்றார். பயம் இருக்கத்தான் செய்தது. மறுநாள் காலை எங்கள் வீட்டுக்காரர், உன் அண்ணன், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, டவுனிலிருந்து முகாமுக்கு வந்திருந்த டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார் சொர்ணம். "தண்ணி குடுக்காமப் போட்டா புள்ள என்னத்துக்கும்மா ஆகும்? காய்ஞ்சு போச்சு பாருங்க" என்று கத்தினார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி கொடுக்கச் சொன்னார். கக்கினாலும் கொடுக்க வேண்டுமாம். ரேஷனில் கிடைத்த சர்க்கரை முழுவதும் அவனுக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி உள்ளே போகிறது, பாதி சேலையில். அவன் துணிகளைக் காத்தாயிதான் அலசிப் போடுகிறாள், நம் வீட்டில் நெல் குத்துகிறவள். முகம் சுளிக்காமல் செய்கிறாள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உனக்கு வலி எடுக்கவில்லை என்று எழுதினாய். உங்கள் வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்ததாக அதே மூக்காயிதான் இங்கேயும் சொன்னாள். வலி எடுக்காத வீட்டில் வேப்பிலை எதற்கு? பிள்ளை பிறந்தாயிற்று என்றால் ஆணா பெண்ணா என்று அத்தைக்காரிக்குச் சொல்லக்கூடாதா? மூன்றும் பெண்ணாய்ப் பெற்றவள், இவள் கண் பட்டுவிடும் என்று பயமா? பயமாக இருந்தால் நேராக எழுது. நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவன் காதைப் பிடிக்கவில்லை. கையைத் தூக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

அழகம்மாள்


குன்றாண்டார்கோவில்
16-5-43

மதினி அவர்களுக்கு,

தண்ணீரை நிறுத்தச் சொன்னவள் நான். அதை நான் மறக்கப் போவதில்லை. நீங்கள் அதைக் கடிதத்தில் எழுதி வைத்துக்கொண்டதும் எனக்குப் புரிகிறது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும் அல்லவா?

ஆனால் எனக்கும் கண் இருக்கிறது. மலையாண்டி எடுத்துக் காட்டியதில் முடி இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழ நீளத்துக்கு இருந்தது என்று மூக்காயி சொல்கிறாள். என் பிள்ளைக்கு இன்னும் முதல் முடிகூட இறக்கவில்லை, அவன் தலையில் அத்தனை நீளம் கிடையாது. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை வயிற்றுக்குள் முழ நீள முடி எப்படிப் போகும்? யாருடைய முடி அது? சோற்றில் யார் என்ன வைத்தார்கள்? உங்கள் வீட்டில் யாரையும் நான் குறிப்பாகச் சொல்லவில்லை. கேட்கத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் அவன் ஜாதகத்தை எங்கள் மாமாவிடம் கேட்டு வாங்கினாராம். எதற்கு? உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு மருந்து வேண்டும், ஜாதகம் எதற்கு? ஆண் வாரிசு இல்லாத வீட்டில், அப்பன் பட்டாளத்தில் இருக்கிற நேரம் பார்த்து, ஒரு பையனின் ஜாதகத்தைக் கேட்டு வாங்கினால் என்ன நினைப்பது? பால் மறக்க அனுப்பினேன், மதினி. தத்துக் கொடுக்க அனுப்பவில்லை.

அவனை வண்டி வைத்து இங்கே அனுப்பிவிடுங்கள். அனுப்ப முடியாது என்றால் அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்பதற்கு எனக்கு அத்தாட்சி வேண்டும். அவன் வலது கையை விளக்குக் கரியில் தோய்த்துக் காகிதத்தில் பதித்து அனுப்புங்கள். உங்கள் சின்னவள் கையைப் பதித்து அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். என் பிள்ளையின் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். வேப்பிலை எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பதுதான்.

சொர்ணவல்லி


அன்னவாசல்
19-5-43

சொர்ணத்துக்கு,

நீ கேட்டது உள்ளே இருக்கிறது. விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த கரி. மசங்கியிருந்தால் அவன் கையை இழுத்துக்கொண்டான் என்று அர்த்தம். இழுக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்றும் அர்த்தம். சுண்டுவிரலை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் இன்றைக்கே பிள்ளையைக் கொண்டுபோய் உன் வாசலில் விட்டிருப்பார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற அந்த பஸ் ஏற்றம் கண்ட இடத்தில் எல்லாம் நின்று புகை கக்கும், வெயிலில் அரைநாள் கிடக்க வேண்டும், இந்தப் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அனுப்பவில்லை.

மலையாண்டி வருவதற்கு முன்பே வாயில் அடக்கிவைத்திருந்தார். கன்னம் உப்பியிருந்ததை நானே பார்த்தேன். பார்த்துக்கொண்டே எட்டணா கொடுத்தேன். அந்த நேரத்தில் கழுதை வந்து மந்திரிக்கிறேன் என்றாலும் நான் கொடுத்திருப்பேன். முடி அவர் பெண்டாட்டியுடையதாக இருக்கும், போய்க் கேட்டுக்கொள்.

ஜாதகம் கேட்டது நான்தான். கெட்ட நேரமா, பிழைப்பானா என்று பார்க்கக் கேட்டேன். ஜோசியர் என்ன சொன்னார் என்று உனக்கு எழுத மாட்டேன். பையன் வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆசை இருக்கிறது. தம்பி பிள்ளையைத் திருடுகிற அளவுக்கு இல்லை.

நீ எனக்கு ஒளிக்கிறாய், சொர்ணம். சனிக்கிழமை மூக்காயி இன்னொன்றும் சொன்னாள். "அங்கிட்டு தெனம் நாலு முழம் மல்லி வாங்குறாகம்மா, ஒருநா தவறாம வாங்குறாக" என்றாள். மூத்த பிள்ளை இங்கே சாகக் கிடக்கிறான், புருஷன் எந்தக் காட்டில் இருக்கிறானோ தெரியவில்லை, உங்கள் வீட்டில் யாருக்குத் தினம் நாலு முழம் மல்லிகை? என்ன விசேஷம் நடக்கிறது அங்கே? கேட்கத்தான் கேட்கிறேன். நீ என்னைக் கேட்டது போலத்தான்.

அழகம்மாள்


குன்றாண்டார்கோவில்
23-5-43

மதினி அவர்களுக்கு,

கைப்பதிவு வந்தது. அவன் கைதான். சுண்டுவிரலைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் மெலிந்திருக்கிறது. என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இங்கிருந்து போகும்போது என் நடுவிரலின் இரண்டாம் கணு வரைக்கும் வரும். இப்போதும் அதே நீளம்தான், அகலம்தான் இல்லை. விரல்களுக்கு நடுவே வெளுப்பு அதிகமாக இருக்கிறது. நீங்கள் தெம்பு வந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். கை வேறு சொல்கிறது.

பூ வாங்குவதும் வாங்காததும் எங்கள் வீட்டுக் காரியம். அதில் உங்களுக்கு என்ன?

நேற்று மூக்காயி சொன்னதை எழுதுகிறேன். அவள் சொல்வதை எல்லாம் நம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவள் இட்டுக்கட்டுகிற ஆள் இல்லை, பார்த்ததைத்தான் சொல்வாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உங்கள் வீட்டுப் புறக்கடைக் கதவு சாத்தப்படுகிறதாம். உள்ளே என் நாதனும் காத்தாயியும் மட்டும். நீங்கள் வாசலில் காவல் நிற்கிறீர்களாம். மூக்காயி கருவாடு கொடுக்கப் பின்பக்கம் வந்தபோது, "இங்கிட்டு வராத, போ போ" என்று விரட்டினீர்களாம். கதவு திறந்தபோது காத்தாயி மடியில் எதையோ கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சந்து வழியாகப் போனாளாம்.

இது எத்தனை நாளாக நடக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு என் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? அபின் கொடுத்துத் தூங்க வைக்கிறீர்களா? சில வீடுகளில் அழுகிற பிள்ளைக்கு அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அல்லது ஏதாவது மந்திரமா? உங்களுக்கு வேறு யாரும் கிடைக்கவில்லையா, காத்தாயியா கிடைத்தாள்?

உண்மையை எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் உங்கள் தம்பிக்கு எழுதுவேன். எழுத வேண்டாம் என்று நானே சொன்னதை நானே மீறுவேன்.

சொர்ணவல்லி


அன்னவாசல்
25-5-43

சொர்ணம்,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

டாக்டர் சொன்ன உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நாலு நாள் போராடிக் கொடுத்தேன். கழிச்சல் குறைந்தது. ஆனால் வேறு எதையும் அவன் வாயில் வாங்க மாட்டேன் என்றான். கஞ்சியை வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டான். பசும்பால் ஊற்றினால் அப்படியே திரும்பி வந்தது. மூக்கைப் பிடித்துக்கூட ஊற்றிப் பார்த்தேன், அந்தப் பாவமும் என்னைச் சேரட்டும். கழிச்சல் நின்றும் பட்டினியால் போய்விடுவான் போல் இருந்தது.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, காத்தாயி கிணற்றடியில் உட்கார்ந்து தன் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசப் பெண் குழந்தை. இவனைப் பாயில் போட்டுவிட்டு நான் உலை வைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பாயில் இவன் இல்லை. தவழ்ந்து போயிருக்கிறான். நடக்கிற பிள்ளை, சொர்ணம், தவழ்ந்து போயிருக்கிறான். அவள் மடியில் இன்னொரு பக்கம் தலையை வைத்து வாய் வைத்துவிட்டான்.

என்னைப் பார்த்ததும் அவள் முந்தானையை இழுத்து மூடினாள். "நான் கூப்புடலைங்கம்மா, புள்ள தானா வந்து வாய வச்சிருச்சு. எடுத்து விட்ரட்டுமாம்மா?" என்றாள்.

அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது உனக்குத் தெரியும். அவள் அலசிப் போட்ட துணியை நான் மறுபடி தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பேன் என்பதும் உனக்குத் தெரியும். போய்க் கதவைச் சாத்தினேன்.

அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை. உன் அண்ணனுக்குத் தெரியாது. அவள் புருஷனுக்கும் தெரியாது, தெரிந்தால் தன் பிள்ளைப் பாலைப் பெரிய வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாயா என்று அவளை அடிப்பான். மடியில் அவள் கட்டிக்கொண்டு போனது கேழ்வரகு. நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுக்கிறேன். நேற்று நாதன் எழுந்து நின்றான். செவந்தியைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனால் காத்தாயிக்கு என்ன சாப்பாடு? இரண்டு பிள்ளைக்கு ஊறாது. அவள் பெண் இப்போது பால் போதாமல் வீரிட்டு அழுகிறது. அந்த அழுகை கேட்கும்போது நான் அடுக்களைக்குள் போய்விடுகிறேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். மல்லிகையைப் பற்றி உன்னைக் குத்தி எழுதிவிட்டுக் கடிதத்தைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து, காத்தாயி பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, சட்டென்று விளங்கியது. பிள்ளை பெற்ற வீட்டில் தினம் நாலு முழம் மல்லிகை தலைக்கு வாங்க மாட்டார்கள். மாரில் வைத்துக் கட்டுவதற்கு வாங்குவார்கள். பால் வற்றுவதற்கு. குடிக்கப் பிள்ளை இருந்தால் வற்ற வைக்க மாட்டார்கள்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைத் திட்டி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அழகம்மாள்


குன்றாண்டார்கோவில்
27-5-43

மதினிக்கு,

தப்பில்லை.

நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிறந்தாள். பெண். உங்கள் முதல் கடிதம் எழுதிய அன்று இருந்தாள். அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பால் குடித்துக்கொண்டே வாயை விட்டுவிட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் தோளில் போட்டுத் தட்டினேன். வெகுநேரம் தட்டியிருக்கிறேன். ஆத்தா வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வலி எடுக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். ஏன் எழுதினேன் தெரியுமா? இந்தப் பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று அந்தப் பிள்ளையை விரட்டினாள், இதுவும் போச்சு, அதுவும் போகிறது என்று நீங்கள் சொல்வீர்கள் என்று பயந்தேன். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உங்கள் குரலில் கேட்டுக்கொண்டு, உங்கள்மேல் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். முடி, ஜாதகம், கதவு. யாராவது ஒருவர் என் பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறார் என்று இருந்தால்தான் எனக்கு மூச்சுவிட முடிந்தது. அந்த ஒருவர் நானாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

இருபது நாளாகப் பூ வைத்துக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் வற்றிவிட்டது என்று ஆத்தா சொன்னார்கள். நேற்று உங்கள் கடிதத்தில் அவன் தவழ்ந்து போனான் என்கிற இடத்தைப் படித்தபோது ரவிக்கை நனைந்துவிட்டது. நான் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்த பூவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெற்ற தீட்டு முப்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று இங்கே எல்லாரும் கத்துகிறார்கள். "தீட்டோட போயி ஒங்க நாத்தனா வீட்டுல ஏறுவியா? அவுக உள்ள விடுவாகளா?" என்று ஆத்தா கேட்டார்கள். புறக்கடைப் பக்கமாக வருகிறேன் என்றேன். இந்தக் கடிதம் உங்களுக்குச் சனிக்கிழமை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கீரனூர் வந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து வருகிறேன். அண்ணனிடம் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். உங்கள் தம்பிக்கு நான் எழுதிக்கொள்கிறேன்.

அவனுக்குப் பால் மறக்க வேண்டும் என்று வேப்பிலை பூசியவள் நான். என்னைப் பார்த்ததும் அந்தக் கசப்புத்தான் அவனுக்கு ஞாபகம் வரும் என்றால் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நீங்கள் யாரும் பிடித்துத் திருப்ப வேண்டாம். காத்தாயியிடமே குடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மறக்காமல் வரச் சொல்லுங்கள். அவள் பெண்ணையும் தூக்கிவரச் சொல்லுங்கள். நாதன் என்னிடம் வராவிட்டால் அந்தக் குழந்தையை என் மடியில் போடுங்கள், நான் கொடுக்கிறேன். அன்றைக்குக் கதவைச் சாத்த வேண்டாம், மதினி.

சொர்ணவல்லி